குளத்தில் மூன்றாவது வாய்

மலாய்மொழியில் ‘ஆயர்’ என்றால் நீர். ‘ஈத்தாம்’ என்றால் கறுப்பு. பினாங்குத் தீவில் கொடிமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஆயர் ஈத்தாம், பெயருக்கேற்ப நீர் சூழ்ந்த ஊர். மலையிலிருந்து ஓடைகள் இறங்குகின்றன. மேட்டில் 1962ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அணைக்கட்டு இருக்கிறது. கெக் லோக் சி ஆலயத்துக்குச் செல்வோர் அங்குள்ள குளத்தில் ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெயில் காய்வதைப் பார்த்திருப்பர். இப்போது அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நின்றாலும், பின்புறத்தில் கொஞ்சம் நிலம் உள்ள வீடுகளில் மீன் வளர்க்க ஒரு சிமெண்டுத் தொட்டியோ சிறு குளமோ அமைக்கும் ஆசை இன்னும் குறையவில்லை.

இத்தகைய குளங்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரியே தொடங்குகிறது. சந்தையிலிருந்தோ நண்பர் வீட்டிலிருந்தோ பத்துத் திலாப்பியா மீன்கள் வந்து சேர்கின்றன. அவை எதைப் போட்டாலும் தின்னும்; சூட்டையும் கலங்கலையும் தாங்கும். மூன்று மாதத்தில் குஞ்சுகள் கூட்டமாக நீந்துகின்றன. வீட்டார் மகிழ்ந்து, தீனியை இரட்டிப்பாக்குகின்றனர். ஓராண்டு சென்றபின் வலையை வீசினால் நூற்றுக்கணக்கான மீன்கள் அகப்படுகின்றன. ஆனால், அவற்றில் ஒன்றுகூட வறுவல் சட்டிக்கு ஏற்றதாக இல்லை. தலை பெரியது, வயிறு ஒட்டியது, உடல் விரலைவிடச் சற்றே நீளமானது. மீன் பெருகிவிட்டது, சாப்பிட மீனில்லை.

இதற்குக் காரணம் திலாப்பியாவின் இனப்பெருக்க முறை. ஆண்மீன் குளத்தின் அடியில் சிறு பள்ளம் தோண்டும். பெண்மீன் அதில் முட்டையிட்டு, உடனே அவற்றை வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தப் பழகும்வரை வாயே தொட்டில். அதுவரை தாய் மீன் ஏறக்குறைய பட்டினிதான். இவ்வளவு பாதுகாப்பு இருப்பதால் முட்டைகளில் பெரும்பகுதி பிழைத்துவிடுகிறது. மீண்டும் ஐந்தாறு வாரத்தில் அடுத்த ஈடு தொடங்கும். இடம் நெருக்கமானால் மீன்கள் வளர்வதை நிறுத்துமே தவிர, முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. சிறிய உடலுடனேயே பருவமடைந்து, மேலும் குஞ்சுகளை ஈனும்.

கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். பத்து மீன்களில் ஐந்து பெண் எனக் கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு எட்டு முறை குஞ்சு பொரித்து, ஒவ்வொரு முறையும் நூறு குஞ்சுகள் பிழைத்தால், ஆண்டு முடிவில் 4,000 குஞ்சுகள். அக்குஞ்சுகள் ஈனும் குஞ்சுகள் இக்கணக்கில் சேரவில்லை.

குளமோ வளர்வதில்லை. ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள குளம் 24,000 லிட்டர் நீரைக் கொள்ளும். தீனி போட்டு வளர்த்தால் அதில் ஆறு கிலோகிராம் மீன் தாங்கும் என வைத்துக்கொண்டால், அந்த ஆறு கிலோகிராம் எப்படியும் பங்கிடப்படலாம். அது தலா 200 கிராம் உள்ள முப்பது மீன்களாக இருக்கலாம். தலா 10 கிராம் உள்ள 600 மீன்களாகவும் இருக்கலாம். குளத்துக்கு இரண்டும் ஒன்றே. வீட்டாருக்குத்தான் முதலாவது உணவு, இரண்டாவது தொல்லை. இந்நிலையில் கூடுதல் தீனி போடுவது உதவாது. தின்னாமல் எஞ்சிய தீனி அழுகி நீரைக் கெடுக்கும். விடியற்காலையில் நீரில் உயிர்வளி குறையும்போது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைக் கண்டு ‘பசிக்கிறது போலும்’ என்று மேலும் ஒரு கைப்பிடித் தீனியை எறிபவர்களும் உண்டு.

வீட்டுக் குளம் வைத்திருப்போர் மட்டும் சந்தித்த சிக்கல் அன்று இது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹோமர் ஸ்காட் ஸ்விங்கிள் என்ற ஆய்வாளர் இதே புதிரை எதிர்கொண்டார். அங்குள்ள உழவர்கள் தங்கள் பண்ணைக் குளங்களில் ‘புளூகில்’ என்ற சிறுமீனை வளர்த்தனர். வாணலியில் முழுதாக அடங்கும் அளவுக்கு வளர்வதால் அவ்வகை மீன்களை அங்கே ‘வாணலி மீன்’ என்ற பொருளில் அழைப்பர். அவையும் திலாப்பியாவைப் போலவே பெருகிக் குறுகிப் போயின. அவற்றைத் தின்னும் ‘பாஸ்’ என்ற பெரிய மீனைச் சேர்த்தபோது சில குளங்கள் செழித்தன. சில குளங்கள் அப்படியே இருந்தன. ஏன் இந்த வேறுபாடு?

ஸ்விங்கிள் இதற்கு விடை தேடிய முறை எளிமையானது, ஆனால் கடும் உழைப்பைக் கேட்பது. குளங்களின் நீரை முழுவதுமாக வடித்து, உள்ளே இருந்த எல்லா மீன்களையும் வகை பிரித்து எடைபோட்டார். 1950ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வு, எண்ணிக்கையைவிட எடையே முக்கியம் என்று காட்டியது. பிற மீனைத் தின்னும் மீன் கொன்றுண்ணி, தின்னப்படுவது இரை. ஒரு கிலோகிராம் கொன்றுண்ணிக்கு மூன்று முதல் ஆறு கிலோகிராம் இரை மீன் இருந்த குளங்கள் ஆண்டுதோறும் நல்ல அறுவடை தந்தன. இரையின் பங்கு அதைவிட மிகவும் கூடிய குளங்களில் சிறுமீன்கள் நெருங்கிக் கிடந்தன.

அவர் கண்ட இன்னொன்று பலருக்கும் வியப்பளிக்கும். இரை மீன்கள் அளவுமீறிப் பெருகிய குளங்களில் கொன்றுண்ணிக் குஞ்சுகளே காணப்படவில்லை. பசித்த புளூகில் கூட்டம் பாஸ் மீனின் முட்டைகளைத் தின்றுவிடும். தப்பிய குஞ்சுகளுக்கும் உணவை மிச்சம் வைக்காது. இரை, கொன்றுண்ணியை வென்றுவிடுகிறது. ஆகவே, ஒரு குளம் தானே சமநிலைக்கு வந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சாய்ந்த பக்கமே அது மேலும் சாயும்.

மலேசியாவில் பாஸ் மீனின் இடத்தை நிரப்பக்கூடிய மீன் விரால். மலாய்மொழியில் ஹாருவான் எனப்படும் இம்மீனை அறியாத குடும்பம் இராது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு விரால் சூப் வைத்துக் கொடுப்பது இனவேறுபாடின்றி இந்நாட்டில் நிலவும் வழக்கம். விரால் இந்த மண்ணுக்கே உரியது; வயலிலும் கால்வாயிலும் குட்டையிலும் வாழ்வது. காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்லது என்பதால், பிற மீன்கள் மூச்சுத் திணறும் நீரிலும் பிழைத்திருக்கும். திலாப்பியாக் குளங்களில் குஞ்சுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த விராலைப் பயன்படுத்தும் முறை தென்கிழக்காசியாவில் ஆராயப்பட்டும் கையாளப்பட்டும் வந்துள்ளது.

திலாப்பியாவோ வந்தேறி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1930களின் இறுதியில் ஜாவாத் தீவில் கண்டெடுக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அங்கிருந்து மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்தப் பஞ்ச காலத்தில் எளிதாகப் பெருகும் மீன் வரமாகவே தோன்றியிருக்கும்.

மேலே கூறப்பட்ட 24,000 லிட்டர் குளத்துக்கு ஸ்விங்கிளின் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். ஆறு கிலோகிராமில் ஐந்து திலாப்பியாவுக்கு, ஒன்று விராலுக்கு. அதாவது, அரை கிலோகிராம் எடையுள்ள விரால் இரண்டு போதும். பத்து விரால் வேண்டாம். அலபாமாவின் மீன்களுக்காக வகுக்கப்பட்ட விகிதம் ஆயர் ஈத்தாமில் அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும் என்பதில்லை. என்றாலும், கொன்றுண்ணி எப்போதும் சிறுபான்மையாக இருக்க வேண்டும் என்ற அடிப்படை இரண்டு இடங்களிலும் ஒன்றே.

விராலை எப்போது விடுவது என்பதிலும் கவனம் தேவை. திலாப்பியாவும் விராலும் ஒரே நாளில் வந்து, விரால் பெரிதாக இருந்தால், தாய் மீன்களையே அது வேட்டையாடத் தொடங்கும். விரல் அளவு விரால் குஞ்சை வளர்ந்த திலாப்பியாக்களிடையே விட்டால், துரத்தப்படுவது விரால்தான். முதலில் திலாப்பியா ஒருமுறை குஞ்சு பொரிக்க வேண்டும். தாய் மீன்களை விழுங்க முடியாத அளவில், குஞ்சுகளை விழுங்க முடிந்த அளவில் உள்ள விரால் அதன்பின் வர வேண்டும். குளத்தின்மேல் வலை கட்டுவதையும் மறக்கக் கூடாது. மழை பெய்யும் இரவில் துள்ளி வெளியேறி, ஈரத் தரையில் நெளிந்து சென்று அடுத்த நீர்நிலையைத் தேடுவது விராலின் இயல்பு.

இவ்வளவு செய்தும் சில குளங்களில் சிறுமீன் குறைவதில்லை. காரணம் வாயின் அளவில் இருக்கிறது. விரால் இரையைக் கடித்துத் துண்டாக்கித் தின்பதில்லை, முழுதாக விழுங்கும். திலாப்பியா தட்டையாக அகன்ற மீன்; முதுகில் கூர்மையான முள்வரிசை உண்டு. ஐந்தாறு சென்டிமீட்டர்க் குஞ்சுகள் விராலுக்கு எளிய இரை. உள்ளங்கை நீளத்தை எட்டிவிட்ட மீனை அது விட்டுவிடும். அந்த உள்ளங்கை மீனை வீட்டாரும் ‘இன்னும் வளரட்டும்’ என்று விட்டுவிடுகின்றனர். விராலுக்குப் பெரியதாகவும் சமையலுக்குச் சிறியதாகவும் இருக்கும் இந்த நடுத்தர மீன்களைத் தின்ன யாருமில்லை. குளத்தின் உணவில் பெரும்பகுதியை உண்பவையும், ஓயாமல் முட்டையிடுபவையும் இவையே.

இங்குதான் மூன்றாவது வாய் தேவைப்படுகிறது. அது குளத்துக்குச் சொந்தக்காரரின் வாய். மாதம் ஒருமுறை வலையிட்டு, எட்டு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மீன்களில் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும். எஞ்சியவை சில மாதத்தில் வளர்ந்து தட்டுக்கு வரும். பெரிய மீனை மட்டுமே பிடித்துத் தின்று, சிறியதை ‘பாவம்’ என்று திரும்ப விடுவது இரக்கம் போலத் தோன்றும். நெருக்கமான குளத்தில் அது எஞ்சிய மீன்களைப் பட்டினி போடுவதாகும்.

எடுத்த சிறுமீன்களை என்ன செய்வது? பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலக மீன் மையத்தில் பணியாற்றிய இருவரின் உழைப்பில் இதற்கு விடை உண்டு. இந்தியாவைச் சேர்ந்த மொடடுகு விஜய் குப்தா, வங்காளதேசத்தின் சாலையோரப் பள்ளங்களிலும் கைவிடப்பட்ட குட்டைகளிலும் மீன் வளர்க்க ஏழைக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆண்டில் சில மாதமே நீர் நிற்கும் அக்குட்டைகளில் அவர் விட்டவற்றுள் திலாப்பியாவும் உண்டு. மலேசியர் லம்பாம் என்று அழைக்கும் மீனும் உண்டு. பெண்கள் பலர் இதனால் வருமானம் பெற்றனர். 2005ஆம் ஆண்டில் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

இந்திய வம்சாவளியினரான சகுந்தலா தில்ஸ்டெட் டிரினிடாட் தீவில் பிறந்தவர். வங்காளதேசத்தில் கெண்டை வளர்ப்போர், குளத்தில் தானாகத் தோன்றும் ‘மொலா’ போன்ற பொடிமீன்களைக் களையாகக் கருதினர், நஞ்சிட்டும் கொன்றனர். தலையோடும் முள்ளோடும் உண்ணப்படும் அந்தப் பொடிமீன்களில் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து ‘ஏ’யும் மிகுந்திருப்பதை அவர் ஆய்வுகளில் நிறுவினார். மொலாவையும் கெண்டையையும் ஒரே குளத்தில் வளர்க்கும் முறை அதன்பின் பரவியது. 2021ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவரைச் சேர்ந்தது. சிறிய திலாப்பியா மொலாவுக்கு ஈடாகாது. ஆனால், நன்கு கழுவி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி மொறுமொறுவெனப் பொரித்தால் வீணாகவும் போகாது. மிஞ்சியதைக் கோழிக்குக் கொடுக்கலாம். வாழைக்கு அடியில் புதைக்கலாம்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மிஞ்சிய மீனைச் சாக்கடையிலோ ஓடையிலோ அணைக்கட்டிலோ விடக் கூடாது. இது வெறும் எச்சரிக்கையன்று என்பதைப் பனாமா நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும்.

அமேசான் பகுதியைச் சேர்ந்த ‘பீகாக் பாஸ்’ என்ற மீன் அழகானது, சுவையானது, தூண்டிலில் சிக்கினால் வெறியோடு போராடுவது. அதனை ஒருவர் பனாமாவில் தம் குளத்தில் வளர்த்தார். 1967ஆம் ஆண்டு வாக்கில் சில மீன்கள் தப்பிச் சாக்ரெஸ் ஆற்றில் கலந்து, அதன் வழியாகக் காட்டுன் ஏரிக்குள் புகுந்தன. அது பனாமாக் கால்வாய்க்காக உருவாக்கப்பட்ட மாபெரும் ஏரி. சில ஆண்டுகளில் அங்கே ஆய்வு செய்த தாமஸ் சாரெட், ராபர்ட் பெய்ன் ஆகியோர் 1973ஆம் ஆண்டில் தாங்கள் கண்டதை வெளியிட்டனர். முன்பு மலிந்திருந்த எட்டு வகை மீன்களில் ஆறு வகைகள் மறைந்துவிட்டன. அச்சிறுமீன்களை நம்பியிருந்த நீர்ப்பறவைகள் குறைந்தன. கொசுப்புழுவைத் தின்ற மீன்களும் போனதால், கொசுக்களால் பரவும் மலேரியாவைப் பற்றிய கவலையும் எழுந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து நடந்த மறு ஆய்விலும் அந்த ஏரி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இவ்வளவும் ஒரு தனியாரின் குளத்திலிருந்து தொடங்கியது.

அதே பீகாக் பாஸ் இன்று மலேசியாவின் பழைய ஈயக் குட்டைகளிலும் ஏரிகளிலும் பரவியிருக்கிறது. அயல்நாட்டு மீன்களைப் பொது நீர்நிலைகளில் விட வேண்டாமென மீன்வளத் துறை வலியுறுத்தி வருகிறது. வீட்டுக் குளத்தில் சிறுமீனைக் குறைக்க இம்மீனை வாங்குவது, எலியைப் பிடிக்கப் புலியை வளர்ப்பது போன்றது. உள்நாட்டு மீனே என்றாலும் தோமானும் வீட்டுக் குளத்துக்கு ஏற்றதன்று. ஒரு மீட்டர் நீளம் வளரக்கூடிய அது, இருப்பதையெல்லாம் தின்று தீர்த்தபின் தானும் பட்டினி கிடக்கும். அப்போதுதான் ‘ஆற்றில் விட்டுவிடலாமே’ என்ற எண்ணம் வீட்டாருக்குத் தோன்றும்.

ஆயர் ஈத்தாமில் இந்த ஆபத்துக்கு மனித எண்ணமே தேவையில்லை, மழை போதும். அங்குள்ள வடிகால்கள் சுங்கை ஆயர் ஈத்தாமை நோக்கிச் செல்கின்றன. அந்த ஆறு சுங்கை பினாங்கில் கலந்து, ஜார்ஜ்டவுன் நகரைக் கடந்து கடலில் சேர்கிறது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கைப் புயல்மழை புரட்டிப்போட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய இரவில் குளத்து நீருக்கும் வடிகால் நீருக்கும் இடையே வரப்பில்லை. ஆதலால், குளத்தின் விளிம்பு சுற்றுத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருக்க வேண்டும். மிகுநீர் வெளியேறும் குழாயின் வாயில் குஞ்சும் நுழையாத நுண்வலை கட்டப்பட வேண்டும். இலைகள் அடைத்துக்கொண்டால் நீர் வலையைச் சுற்றி வழியும். ஆகவே மழைக்காலத்தில் அதை வாரந்தோறும் துடைக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். குளம் வெட்டும்போது யாரும் இதை நினைப்பதில்லை.

கொசுவைப் பற்றியும் ஒரு சொல். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கப்பி மீன்களை விட்டவர்கள், பின்னர் விராலைச் சேர்த்தால் கப்பிகள் ஒரு வாரம்கூடத் தாங்கா. குளத்தின் ஓரத்தில் கற்களை அடுக்கி, பெரிய மீன் நுழைய முடியாத ஆழமற்ற மூலை ஒன்றை அமைத்தால் கப்பிகள் அங்கே பிழைக்கும். குளத்துக்கு அருகே கிடக்கும் வாளி, பூச்சட்டித் தட்டு, வலை கழுவிய பேசின் ஆகியவற்றில் மீனே இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஏடிஸ் கொசு பெரிதும் நாடுவது அவற்றைத்தான். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டு வளாகத்தில் கொசுப்புழு காணப்பட்டால் வீட்டார் பொறுப்பேற்க நேரிடும்.

குளம் சரியாக இருக்கிறதா என்பதை அறிய ஸ்விங்கிளைப் போல நீரை வடிக்க வேண்டியதில்லை. ஒரு காலையில் குளத்தின் இரண்டு மூன்று இடங்களில் கைவலையை இட்டு, அகப்பட்ட மீன்களை ஒரு வாளி நீரில் விட்டு, அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டால் போதும். குஞ்சு, நடுத்தரம், பெரியது என மூன்று அளவும் கலந்து வந்தால் கவலையில்லை. நடுத்தர மீன்களே குவிந்து, பெரியது ஒன்றுகூட இல்லாவிட்டால் குளம் நெருங்கிவிட்டது. பாதி மீனை அன்றே எடுக்கலாம். குஞ்சே இல்லை, பெரிய திலாப்பியா இரண்டு மூன்று மட்டும் கொழுத்துத் திரிகின்றன என்றால் விரால் மிகுந்துவிட்டது. அப்போது வீட்டில் சூப்புக்குத் தயாராகலாம்.